நுனியில் வெடிக்கும் வேர்த்தூவிகள்

சேலையூர்
14 ஜூலை 2024

அன்புள்ள சுஜி அக்காவுக்கு,

பியூலா எழுதுகிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? தரையில் படுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது. மற்றபடி நான் சுகம்.

தீர்ப்பு வந்து நாலு மாதமாகிறது. மூன்று முறை மனு போட்டு உன்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தேன். மூன்று முறையும், “உங்க அக்கா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்கம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் கோபம் நியாயம்தான். கூண்டில் ஏறி, “ஜெஃப்ரி அத்தான் கீழே விழுந்த பிறகும் அக்கா தோசைக்கல்லால் அடித்தாள், மொத்தம் ஏழு அடி” என்று சொன்னவள் நான். அது பொய் இல்லை. ஆனால் உன்னை ஆயுளுக்கும் உள்ளே வைக்க அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நேரில் பார்க்க மாட்டாய் என்றால் கடிதமாவது வாங்கிக்கொள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை.

செடியின் வேரில் மெல்லிய முடி மாதிரி இருக்குமே, அதுதான் வேர்த்தூவி. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல். மண்ணில் தண்ணீரையும் உப்பையும் தேடி நுனியால் முன்னேறும். நான் வளர்ப்பது கடுகுக் குடும்பத்துச் செடி, ஒரு சாண் உயரம்தான் வரும். அதில் ஒரு வகைக்குச் செல் சுவரில் இருக்க வேண்டிய ஒரு புரதம் கிடையாது. அந்தச் செடியின் தூவிகள் பாதி வளர்ந்ததும் வெடித்துவிடுகின்றன. ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒரு வரியாவது எழுது.

உன் பியூலா


9 ஆகஸ்ட் 2024

அன்பு பியூலாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்ததைச் சொன்னாய். ஆனால் இங்கே வராதே. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

என் அறையில் கிளியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். கோவளம் பக்கம், மீன் விற்றவள். அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “அந்த முடி இன்னாத்துக்கு டீச்சர் வெடிக்குது?” என்று கேட்டாள். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் நான், எனக்கும் பதில் தெரியவில்லை. எழுது.

ஒன்றே ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதாதே. இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் கையில் தருவார்கள்.

அக்கா சுஜி


சேலையூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? நானும் சுகம்தான். உன் கையெழுத்தைப் பார்த்து ஹாஸ்டல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கிளியம்மாளுக்குச் சொல். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் எப்போதும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். லாரி டயருக்குள் இருக்கும் காற்றைவிடச் சில சமயம் அழுத்தம் அதிகம். தூவி நீள வேண்டுமென்றால் நுனியில் சுவர் இளக வேண்டும். ரொம்ப இளகினால் கிழிந்துவிடும். அதனால்தான் எக்ஸ்டென்சின் மாதிரியான புரதங்கள் சுவருக்குள் வலை பின்னுகின்றன. நுனி தாண்டிப் போனதும் பின்னால் உள்ள வலையை ஒரு நொதி முடிச்சுப் போட்டு இறுக்கும். வேறு சில புரதங்கள் அந்தச் சுவரைச் செல்லோடு பிடித்து வைக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தூவி வளர்கிற வேகமே தூவியைக் கொன்றுவிடும்.

மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்க்க நன்றாக இருக்காது அக்கா. நுனி முதலில் குமிழ் மாதிரி வீங்கும். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு பக்கவாட்டில் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் பீய்ச்சி அடிக்கும். தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பார்க்கிறேன். என் கைடு அசரியா சார், “எண்ணு, எண்ணிக்கிட்டே இரு” என்பார். எண்ணுகிறேன்.

சாப்பாட்டில் முட்டை தருகிறார்களா? வேறு என்ன அனுப்பலாம்?

பியூலா


20 அக்டோபர் 2024

அன்பு பியூலா,

உனக்குச் சமாதானம் உண்டாகட்டும். பதில் தாமதம். சிறை ஆஸ்பத்திரியில் இருந்தேன். பயப்படாதே, ஒன்பது தையல்தான்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சண்டை. புதிதாக வந்த ஒருத்தி என் குடத்தை உதைத்தாள். நான் பேசாமல் வேறு குழாய்க்குப் போனேன். பேசாமல் போனதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. முடியைப் பிடித்து இழுத்து, தொட்டியின் விளிம்பில் என் நெற்றியை இரண்டு முறை மோதினாள். கண்ணுக்குள் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கிளியம்மாள் பாய்ந்து அவள் காதைக் கடித்துவிட்டாள். ஒரு துண்டு வாயோடு வந்துவிட்டது.

தையல் போட்டு வந்ததும் கிளியம்மாள் கத்தினாள்: “இன்னா டீச்சர் நீ? அவ மோதிகினே கீறா, நீ சும்மா நிக்கிற. ஏழு அடி அடிச்ச கை அது, எங்க பூட்ச்சி?”

அந்தக் கை அன்று ஒருநாள்தான் எழுந்தது.

முட்டை வாரத்துக்கு ஒன்று. ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

சுஜி


சேலையூர்
10 நவம்பர் 2024

அக்கா,

தையல் பிரித்தாகிவிட்டதா? சீழ் வைக்கவில்லையே? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

நீ எழுதாதே என்றதை எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

போன வாரம் எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். செடி வளர்க்கும் பன்னிரண்டு கண்ணாடித் தட்டு. மூன்றாவது தட்டில் மட்டும் தூவிகள் ஏறக்குறைய வெடிக்கவே இல்லை. அதைச் சேர்த்தால் என் கணக்கு கலையும். யாரும் கேட்கப் போவதில்லை என்று அதை விட்டுவிட்டு மீதியை ஏற்றினேன். ஏற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. இதைத்தானே கோர்ட்டிலும் செய்தேன்? ஏழு அடியை எண்ணிச் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டேன். “சத்தம் கேட்டு அறைக்குள் போனேன்” என்றேன். நான் சத்தம் கேட்டுப் போகவில்லை. அந்தச் சத்தமே நான்தான்.

அன்று மத்தியானம் நீ சர்ச்சில் மகளிர் கூட்டத்துக்குப் போயிருந்தாய். துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜெஃப்ரி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். “கத்தாத. கத்துனா உங்க அக்காவ உயிரோட விடமாட்டேன்” என்றான். சர்ச் பாடகர் குழுவில் பாடும் அதே குரல், நிதானமாக. என் முடியைக் கையில் சுற்றிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தலையை மோதினான். இன்னொரு கை என் கழுத்தில். உடுப்பு தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. அவன் விரலைக் கடித்தேன். எலும்புவரை கடித்தேன் அக்கா, அந்த உப்பு இன்னும் வாயில் இருக்கிறது. அவன் கை விட்ட நொடியில்தான் கத்தினேன்.

நீ தோசைக்கல்லோடு வந்தாய். முதல் அடி தோளில். அவன் திரும்பி உன் தொண்டையைப் பிடித்துச் சுவரில் தூக்கி நிறுத்தினான். உன் கால் தரையில் இல்லை. இரண்டாவது அடி காதோரம். மூன்றாவதில் விழுந்தான். மீதி நாலு அடிக்கும் நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

பிறகு நீ, “போ, உடுப்பு மாத்து. துப்பட்டாவால கழுத்த மூடு. நீ இந்த அறையிலயே இல்ல, சத்தம் கேட்டுத்தான் வந்த, புரியுதா?” என்றாய். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது தட்டைச் சேர்த்துவிட்டேன். வழக்கறிஞர் ஜெயஸ்ரீயைப் பார்த்துவிட்டேன். மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

பியூலா


15 நவம்பர் 2024

பியூலா,

வேண்டாம்.

உனக்கு முப்பது வயது. பட்டம் வாங்க வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும். கோர்ட்டில் ஒவ்வொரு விரலையும் எங்கே வைத்தான் என்று கேட்பார்கள். நான் உள்ளே பழகிவிட்டேன். என் வாழ்க்கையை நான் முடிவு செய்துகொண்டேன். நீ கிளறாதே.

அக்கா சொல்கிறேன், கேள்.

சுஜி


சேலையூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு ஆசீர்வாதம் உனக்கும் கிளியம்மாளுக்கும். அவள் முதல் முறையாகத் தன் பெயரை எழுதி உன் கடிதத்தின் பின்பக்கம் போட்டிருந்ததைப் பார்த்தேன். ‘ளி’ தலைகீழாக இருந்தது.

பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்துவிட்டோம். “முதல்ல சொன்னதும் சத்தியம் பண்ணித்தான் சொன்னீங்க. பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரலாம். தயாரா?” என்று ஜெயஸ்ரீ கேட்டார். தயார் என்றேன். அந்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கழுத்தைக் காட்டியிருந்தேன். விரல் பதிந்த தடம் என்று அவர் எழுதி வைத்த சீட்டு இருக்கிறது. என் சாட்சியை மறுபடி பதிவு செய்ய நீதிபதிகள் அனுமதித்துவிட்டார்கள்.

உன் பேச்சை மீறிவிட்டேன். திட்டியாவது எழுது.

பியூலா


சேலையூர்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். நீ பதில் போடாமல் இரண்டு மாதம் ஆகிறது.

இதை டைப் அடித்து அனுப்புகிறேன். வேலை அதிகம். லேபில் சின்ன விபத்து, செடிகள் கொஞ்சம் வீணாகிவிட்டன. விதை குளிர்பெட்டியில் இருக்கிறது, மறுபடி போட்டுக்கொள்ளலாம். கவலைப்படாதே.

பியூலா


6 ஏப்ரல் 2025

பியூலா,

உன் பெயரை எழுதும் இடத்தில்கூட நீ டைப் அடித்திருந்தாய். ஜெயஸ்ரீ கையெழுத்து வாங்க வந்தபோது, “அவளுக்குக் கையில் என்ன?” என்று கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினார். பிறகு சொல்லிவிட்டார்.

உன் அத்தானின் அண்ணன் வில்பிரட்டா? தம்பி பெண்டாட்டியை அடிக்கிறான் என்று நான் மேடவாக்கம்வரை போய் அழுதபோது, “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்” என்று காபி கொடுத்து அனுப்பிய அண்ணனா உன் மேல் கை வைத்தான்?

இன்று காலை தண்ணீர்த் தொட்டியில் அந்தப் பெண் மறுபடி என் குடத்தை உதைத்தாள். நான் குடத்தாலேயே அவள் முகத்தில் அடித்தேன். இரண்டு பல். வார்டன் வந்து பிரிக்கும்வரை நிறுத்தவில்லை. எனக்குப் பத்து நாள் தனியறை. அவள் முகம் எனக்குத் தெரியவே இல்லை பியூலா, வில்பிரட்டின் முகம்தான் தெரிந்தது. இது பெருமை இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுதான்.

நடந்ததை மறைக்காமல் எழுது. எந்தக் கை?

சுஜி


சேலையூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

தனியறையிலிருந்து வெளியே வந்த பிறகு உடம்பு எப்படி? என் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொள். வலது கைதான். மூன்று விரல் உடைந்தது. சுண்டுவிரல் இனி மடங்காது.

மார்ச் நாலாம் தேதி, காலை பதினோரு மணி. செடி வளர்க்கும் அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வில்பிரட் நேராக லேபுக்குள் வந்தான். “செத்துப்போனவன் பேர நாறடிக்கப் போறியா? வாபஸ் வாங்கு” என்றான். மாட்டேன் என்றேன். தட்டுகளைக் கை கையாக அள்ளித் தரையில் அடித்தான். ஆறு மாத வேலை. காலால் தேய்த்தான். நான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். என் கையை உள்ளே வைத்து இரும்புக் கதவைச் சாத்தினான். திறந்து மறுபடியும் சாத்தினான். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது.

எங்கள் அட்டெண்டர் சுப்பராயலு அண்ணன் ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அறுபது வயது மனிதரை அவன் முழங்கையால் மூக்கில் இடித்தான். மூக்கு உடைந்தும் அவர் பிடியை விடவில்லை. “ஓடு பாப்பா, நீ ஓடு!” என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினார். நான் ஓடவில்லை. இடது கையால் நாற்காலியைத் தூக்கி அவன் முட்டியில் அடித்தேன். ஒரே ஒரு அடி. விழுந்தான். அதற்கு மேல் அடிக்கவில்லை. அடிக்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது உனக்கு மட்டும்தான் புரியும்.

இப்போது அவன் மேல் கேஸ் நடக்கிறது.

என் சாட்சி ஜூன் மாதம் இரண்டு நாள் நடந்தது. நீ சொன்ன மாதிரியேதான் கேட்டார்கள், ஒவ்வொரு விரலையும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. “அவர் முன்னாடியே தப்பா நடந்துக்கிட்டார்னு சொல்றீங்க. அப்ப ஏன் அந்த வீட்ட விட்டுப் போகல? காலேஜ்ல ஹாஸ்டல் இல்லையா?” என்று அரசு வக்கீல் கேட்டார். “ஹாஸ்டலுக்குப் போறேன்னு அக்காகிட்ட கேட்டேன். அக்கா வேணாம்னாங்க. அவங்களுக்குத் துணை வேணும்னு இருந்துட்டேன்” என்றேன். அவர், “ஏன் வேணாம்னாங்க?” என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

செடிகளை மறுபடி வளர்த்துவிட்டேன். இம்முறை வெடிக்கிற செடிக்கு இல்லாத புரதத்தின் மரபணுவைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம். தூவிகள் கிழியாமல் நீண்டன. அசரியா சார் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. “எழுத ஆரம்பி” என்றார்.

பியூலா


28 செப்டம்பர் 2025

அன்பு பியூலாவுக்கு,

உன் விரல்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

தீர்ப்பை நீ கோர்ட்டிலேயே கேட்டிருப்பாய். கொலை இல்லை, திடீர் ஆத்திரத்தில் நடந்த மரணம், ஐந்து வருஷம். விசாரணைக் கைதியாக இருந்ததையும் சேர்த்து நாலு முடிந்துவிட்டது. தண்டனைக் கழிவு போக ஜனவரி பத்தாம் தேதி விடுதலை என்று ஆபீசில் சொன்னார்கள். உன் மேல் பொய்ச் சாட்சி வழக்கு வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்கள். கிளியம்மாள் தட்டைக் கொட்டி ஆடினாள். எனக்கு ஆட வரவில்லை.

அந்த வக்கீலின் கேள்விக்கு உனக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அடித்தார். பெல்ட், குக்கர் மூடி, கையில் எது கிடைக்கிறதோ அது. ஒரு கர்ப்பம் அப்படித்தான் போனது, அதை உனக்குச் சொல்லவில்லை. அம்மா இறந்து நீ எங்களோடு தங்க வந்த பிறகு அடி நின்றது. உன் முன்னால் நல்லவராக இருக்க அவருக்கு ஆசை. மூன்று வருஷத்தில் ஒரு அடிகூட இல்லை. முதல் முறையாக நான் ராத்திரி முழுதும் தூங்கினேன்.

அவர் உன்னைப் பார்க்கும் விதம் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் நீ குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கினேன். அந்த வாரம்தான் நீ ஹாஸ்டலுக்குப் போகட்டுமா என்று கேட்டாய். நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. “வேண்டாம், எனக்குத் துணையாக இரு” என்றேன். நீ போய்விட்டால் பெல்ட் திரும்ப வரும். அதற்குப் பயந்து உன்னை அந்த வீட்டில் நிறுத்தி வைத்தேன்.

அன்று கூட்டத்திலிருந்து பாதியில் வந்ததற்குத் தலைவலி என்று போலீசில் சொன்னேன். தலைவலி இல்லை. உன்னை அவரோடு தனியாக விட்டு வந்தது தெரிந்து, உட்கார முடியாமல்தான் ஓடி வந்தேன். முதல் மூன்று அடி அவருக்கு விழுந்தது. அதன் பிறகு அவர் அசையவில்லை என்று எனக்குத் தெரியும். மீதி நாலும் நான் என்னை அடித்தது.

உன்னைப் பேசாதே என்றது உன் மானத்துக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பேசினால் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று பயந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்க்க மறுத்ததும் அதனால்தான்.

நீ வராவிட்டால் கிளியம்மாளின் தங்கை வீட்டுக்குப் போய்க்கொள்வேன். அவளிடம் பேசிவிட்டேன்.

சுஜி


சிட்லபாக்கம்
21 டிசம்பர் 2025

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றி இன்று விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்து பன்னிரண்டு வாரமாகிறது. நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன். படித்த அன்று லேபில் ஒரு பீக்கரைச் சுவரில் எறிந்தேன். அது போதாமல் இன்னொன்றையும். சுப்பராயலு அண்ணன் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைக் கூட்டி எடுத்துப் போனார். அன்று நீ எதிரில் நின்றிருந்தால் உன்னை அடித்திருப்பேன். இதை உனக்கு மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கடிதத்தை நான் கோர்ட்டில் கொடுக்க மாட்டேன். எரிக்கவும் மாட்டேன். அது என்னுடையது.

போன மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறேன். உன்னிடம் கேட்க என்னிடம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. கர்ப்பத்தைப் பற்றி, குளியலறைக் கதவைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி. ஒரே நாளில் கேட்க மாட்டேன். சாப்பிடும்போது கேட்பேன், துணி காயப்போடும்போது கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். நடுவில் எழுந்து வெங்காயம் நறுக்கப் போகக் கூடாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. எழுதினால் பொய். கிளியம்மாளின் தங்கை வீட்டுக்கு நீ போக வேண்டாம்.

பத்தாம் தேதி காலை கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியோடு நிற்பேன். பைபாஸில் போலீஸ்காரர்கள் பிடிக்கிறார்கள் என்பதால் உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். தையல் போட்ட இடத்தில் அழுத்தாத அளவாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பியூலா